ஸ்கேனர் சொன்னால் போதுமா?

பழைய ஃபோர்வீல் டிரைவ் வண்டி வைத்திருப்பவர்களுக்குத் தெரிந்த தொல்லைதான் இது. மேட்டில் ஏறும்போது ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஒரு கணம் இழுவை செத்துப்போகும். அடுத்த கணமே ஒன்றும் நடக்காததுபோல வண்டி ஓடும். ஒர்க் ஷாப்பில் நிறுத்திப் பார்த்தால் என்ஜின் பிசிறில்லாமல் ஓடும். ஸ்கேனரை மாட்டினால் ஏதோ ஒரு எரர் கோடு வரும். “சென்சார் போயிருச்சு சார், மாத்திட்டா சரியாயிரும்” என்று சொல்லிவிடுவார்கள். கோடு காட்டிய பாகத்தை மாற்றினால் கோளாறு தீரும் என்ற இந்த நம்பிக்கை இன்று மெக்கானிக், உரிமையாளர், உதிரிபாகக் கடைக்காரர் மூவரிடமும் ஊறிப்போயிருக்கிறது. விட்டுவிட்டு வரும் திணறலைப் பொறுத்தவரை அது தவறான நம்பிக்கை. அதனால் வீணாவது உரிமையாளரின் பணம்.

பி0335 என்ற கோடு வந்தால் ‘கிராங்க் சென்சார் அவுட்’ என்று படிக்கிறார்கள். அந்தக் கோடு சொல்வது அதுவல்ல. கிராங்க் ஷாஃப்ட் பொசிஷன் சென்சாரின் சர்க்யூட்டில் சிக்னல் சரியில்லை என்பது மட்டும்தான் அதன் பொருள். சென்சாரும் அந்த சர்க்யூட்டில் ஒரு உறுப்பு. அதிலிருந்து கிளம்பும் ஒயர், வழியில் உள்ள கப்ளர், கப்ளருக்குள் இருக்கும் பச்சைபிடித்த பின், எர்த் போல்ட், என்ஜின் கம்ப்யூட்டரான ஈசிஎம் ஆகியவையும் அதில் உறுப்புகள்தான். காமன் ரெயில் டீசலில் வரும் பி0087-உம் இப்படித்தான். ரெயிலில் அழுத்தம் குறைந்தது என்று மட்டுமே அது சொல்லும். ஃபில்டர் அடைத்ததாலா, டேங்கிலிருந்து வரும் லைன் காற்று இழுப்பதாலா, இன்ஜெக்டர் ரிட்டர்ன் அதிகமானதாலா, ஹை பிரஷர் பம்ப் தேய்ந்ததாலா என்பதை மனிதர்தான் அளந்து கண்டுபிடிக்க வேண்டும். ஃபில்டருக்கும் பம்புக்கும் விலையில் எவ்வளவு தூரம் என்பது வண்டிக்காரர்களுக்குத் தெரியும்.

விட்டுவிட்டு வரும் கோளாறைப் பல சமயம் ஸ்கேனரால் பார்க்கவே முடியாது. வண்டியே தன் கோளாறுகளைக் கண்காணித்துப் பதிவுசெய்யும் ஓபிடி-2 என்ற தரம் அமெரிக்காவில் 1996 மாடல்களிலிருந்து கட்டாயமானது. இந்தியாவில் அது 2013 ஏப்ரலில்தான் வந்தது. அதற்கு முந்தைய வண்டிகளில் கம்ப்யூட்டர் எதைக் கவனிக்கும், எதைச் சேமிக்கும் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். 1987 முதல் 1990 வரையிலான ஜீப் செரோக்கியின் 4 லிட்டர், ஆறு சிலிண்டர் பெட்ரோல் என்ஜினில் ரெனிக்ஸ் என்ற நிர்வாக அமைப்பு இருந்தது. அது எரர் கோடுகளைச் சேமிப்பதே இல்லை. ஓபிடி-2 உள்ள வண்டியிலும், பல கோளாறுகள் அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் பதிவானால்தான் செக் என்ஜின் லைட் எரியும். வாரத்துக்கு ஒருமுறை அரை நொடி வந்துபோகும் திணறல் இந்தச் சல்லடையில் சிக்காமல் போக வாய்ப்பு அதிகம்.

லைவ் டேட்டாவில் பார்த்துவிடலாமே என்றால், அங்கே வேகம் போதாது. பழைய ஓபிடி-2 வண்டிகள் பலவற்றில் தகவல் போகும் வேகம் நொடிக்கு 10.4 கிலோபிட். நான்கைந்து அளவுகளை ஒன்றாகத் திரையில் போட்டால் ஒவ்வொன்றும் நொடிக்கு ஓரிரு முறைதான் புதுப்பிக்கப்படும். திராட்டில் பொசிஷன் சென்சாருக்குள் ஒரு கார்பன் தடமும் அதன்மேல் வழுக்கும் ஒரு முனையும் இருக்கின்றன. பல வண்டிகளில் மிதியை அமுக்க அமுக்க ஏறக்குறைய அரை வோல்ட்டிலிருந்து நாலரை வோல்ட் வரை சிக்னல் சீராக ஏற வேண்டும். வண்டி தினமும் எந்த மிதி அளவில் ஓடுகிறதோ அந்த இடத்தில்தான் தடம் முதலில் தேயும். அந்தப் புள்ளியைக் கடக்கும் சில மில்லி நொடிகளில் வோல்ட் சட்டென்று விழுந்து எழும். டிரைவருக்கு ஒரு குத்தல் தெரியும், ஸ்கேனர் திரையில் ஒன்றும் தெரியாது. முள் வைத்த பழைய அனலாக் மீட்டரை மாட்டிக்கொண்டு மிதியை மெல்ல அமுக்கினால் முள் துள்ளுவதைக் கண்ணால் பார்த்துவிடலாம்.

இவ்வளவு ஓட்டைகள் இருந்தும் அந்த நம்பிக்கை சாகவில்லை. காரணம், பாகத்தை மாற்றியதும் பல வண்டிகள் நிஜமாகவே சரியாகிவிடுகின்றன, சில வாரங்களுக்கு. சென்சாரை மாற்ற வேண்டுமானால் கப்ளரைக் கழற்றி மாட்டியாக வேண்டும். அந்த உரசலில் பின்னில் படிந்த துரு சுரண்டப்பட்டு மின்தொடர்பு திரும்பிவிடும். பேட்டரி ஒயரைக் கழற்றியதில் கம்ப்யூட்டர் பழகிவைத்திருந்த எரிபொருள் திருத்தங்கள் அழிந்து, என்ஜின் கொஞ்ச நாள் வேறு மாதிரி ஓடும். நல்ல பெயர் புது சென்சாருக்குப் போகும். மழைக்காலம் வந்ததும் பின் மறுபடி பச்சை பிடிக்கும், திணறல் திரும்பும். இந்த முறை வேறொரு பாகத்தின்மேல் பழி விழும்.

லேண்ட் ரோவரின் டிடி5 என்ஜின் கதையை இந்த நம்பிக்கை உள்ள ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். 1998-இல் டிஃபெண்டருக்கும் இரண்டாம் தலைமுறை டிஸ்கவரிக்கும் வந்த ஐந்து சிலிண்டர், 2.5 லிட்டர் டீசல் அது. இன்ஜெக்டர்களுக்கு மின்சாரம் கொண்டுபோகும் ஒயரிங் ராக்கர் கவருக்கு உள்ளே, கொதிக்கும் என்ஜின் ஆயிலின் நடுவே கிடக்கிறது. வருடங்கள் போகப் போக ஆயில் ஒயர் இழைகளுக்கு நடுவே புகுந்து, உறைக்கு உள்ளேயே ஊர்ந்து, ஈசிஎம் வரை போய்ச் சேர்ந்துவிடுகிறது. டிஃபெண்டரில் ஈசிஎம் இருப்பது இருக்கைக்கு அடியில்! அங்கே உள்ள சிவப்புக் கப்ளரைக் கழற்றினால் பின்களின்மேல் கறுத்த ஆயில் பளபளக்கும். அறிகுறி என்ன? விட்டுவிட்டு மிஸ்ஸிங், ஏற்றத்தில் திணறல். இன்ஜெக்டர்மேல் சந்தேகப்பட்டு செட்டையே மாற்றியவர்கள் உண்டு, ஈசிஎம்மை மாற்றியவர்களும் உண்டு. வேண்டியதெல்லாம் ராக்கர் கவருக்குள் இருக்கும் சிறிய ஒயரிங் துண்டைப் புதிதாகப் போட்டு, கப்ளரைக் கான்டாக்ட் கிளீனர் அடித்துத் துடைப்பது. மெயின் ஒயரிங்கில் மிச்சமிருக்கும் ஆயில் மறுபடி கசியும் என்பதால் சில வாரம் கழித்து இன்னொரு முறை துடைப்பது. கப்ளரைக் கையால் கழற்றிப் பார்க்கும் பழக்கம் இருந்தால் ஐந்தே நிமிடத்தில் தெரியும் கோளாறு இது.

கம்ப்யூட்டரே இல்லாத வண்டிகளில் இதே நம்பிக்கை வேறு உடையில் நடமாடுகிறது. மகிந்திரா 1979-இல் பெஷோவிடம் உரிமம் பெற்றுச் செய்த எக்ஸ்டிபி 4.90 டீசல் என்ஜின் பொருத்திய ஜீப்புகள் மலைப்பாதைகளில் இன்னும் ஓடுகின்றன. அவை திணறினால் முதல் தீர்ப்பு ‘பம்ப் வேலை வந்துருச்சு’ என்பது. உடனே டீசல் பம்பைக் கழற்றி காலிபரேஷனுக்கு அனுப்புவார்கள், நாசிலையும் சேர்த்து. ஆனால் டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரையிலான லைன் உறிஞ்சும் பக்கம். அங்கே ஒரு காப்பர் வாஷர் நசுங்கியிருந்தாலோ ரப்பர் ஹோஸில் மயிரிழை வெடிப்பு இருந்தாலோ டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். ஓட்டை விழுந்த ஸ்ட்ராவில் இளநீர் உறிஞ்சுவதைப் போன்றது அது. பம்பைத் தொடுவதற்கு முன் ஃபில்டருக்குப் போகும் வழியில் ஒரு சாண் நீளத்துக்குக் கண்ணாடிபோன்ற டியூபை மாட்டி ஓட்டிப் பார்த்தால், குமிழி ஓடுவது தெரிந்துவிடும். டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்திருந்தால் ஒரு மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு இழுவை குறையும். மூடியைத் திறந்ததும் ‘உஸ்’ என்று காற்று உள்ளே பாய்ந்தால் விடை கிடைத்துவிட்டது, செலவு ஒன்றுமில்லை.

எப்போது திணறுகிறது என்ற கேள்விதான் முதல் கருவி. டேங்க் கால்வாசிக்குக் கீழே இருந்து, ஏற்றத்தில் மட்டும் வந்தால் டேங்கின் உள்குழாயைப் பார்க்க வேண்டும். சூடானபின் நின்றுபோய், ஆறியதும் ஸ்டார்ட் ஆனால் கிராங்க் சென்சாரைச் சந்தேகிக்கலாம். செரோக்கியில் அது பெல் ஹவுசிங்மேல், வெப்பத்தில் உட்கார்ந்திருக்கிறது. பள்ளத்தில் விழுந்து எழும்போது வந்தால் ஒயரிங், எர்த். சீரான வேகத்தில் ஆட்டோமேட்டிக் வண்டி நடுங்கினால், இடது காலால் பிரேக்கை லேசாகத் தொட்டுப் பார்க்கலாம். பிரேக் சுவிட்சு வேலைசெய்ததும் டார்க் கன்வெர்ட்டரின் லாக்-அப் விடுபடும். நடுக்கம் அப்போதே போனால் என்ஜினைத் திறக்க அவசியமில்லை.

எர்த்தை அளக்கும் முறையிலும் தவறு நடக்கிறது. மீட்டரை ஓம்ஸில் வைத்துப் பார்த்துவிட்டு ‘ஒயர் ஓகே’ என்று சொல்லிவிடுகிறார்கள். இருபது இழைகளில் ஒன்று மட்டும் அறுபடாமல் இருந்தாலும் ஓம்ஸில் அது நல்ல ஒயராகவே தெரியும். என்ஜின் ஓட, ஹெட்லைட் எரிய, மீட்டரை வோல்ட்டில் வைத்து பேட்டரி நெகட்டிவுக்கும் சென்சார் எர்த்துக்கும் நடுவே அளக்க வேண்டும். 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த எர்த்தைச் சுரண்டிச் சுத்தம் செய்ய வேண்டும். பழைய ரெனிக்ஸ் செரோக்கியில் சென்சார்களின் எர்த்கள் என்ஜின் பிளாக்கில், டிப்ஸ்டிக் குழாயைப் பிடித்திருக்கும் போல்ட்டில் கூடுகின்றன. அந்த ஒரு போல்ட் துருப்பிடித்தால் பல சென்சார்கள் ஒரே நேரத்தில் பொய் சொல்லும்.

ஸ்கேனரைத் தூக்கிப்போட வேண்டும் என்பதல்ல வாதம். கோடு பதிவான கணத்தில் வேகம், சூடு, லோடு என்ன என்று அது எடுத்துவைக்கும் ஃப்ரீஸ் ஃபிரேம் அருமையான தகவல். கோளாறு வந்த சூழலைத் திரும்ப உண்டாக்க அதைவிட நல்ல வழிகாட்டி இல்லை. வருத்தம் என்னவென்றால் பலர் அதைப் பார்ப்பதற்கு முன்பே கோடை அழித்துவிடுகிறார்கள்.

பழியை மெக்கானிக் தலையில் மட்டும் கட்டுவதும் நியாயமில்லை. அரை நாள் வண்டிக்கு அடியில் படுத்து, ஒயரை ஆட்டி ஆட்டிப் பார்த்து, ஒரு தளர்ந்த பின்னைக் கண்டுபிடித்து இறுக்கித் தருகிறவரிடம் “ஒரு பார்ட்டும் மாத்தலியே, எதுக்கு இவ்வளவு கூலி?” என்று கேட்கும் உரிமையாளர்கள்தான் இந்த நம்பிக்கையை வளர்க்கிறார்கள். பாகத்துக்குப் பில் உண்டு, கண்டுபிடிப்புக்கு இல்லை என்றால் யாரும் பாகத்தைத்தான் மாற்றுவார்கள். கண்டுபிடிக்கச் செலவான நேரத்துக்குத் தனிக் கூலி கொடுக்க உரிமையாளர் முன்வர வேண்டும். பதிலுக்கு, எந்த இடத்தில் எத்தனை வோல்ட், எத்தனை அழுத்தம் இருந்தது, வேலைக்குப் பின் எவ்வளவு ஆனது என்று பில்லில் எழுதித் தரும்படி கேட்க வேண்டும். அந்த எண்களை எழுதித் தர முடியாத இடத்தில் புது சென்சாருக்குச் சம்மதிக்க வேண்டியதில்லை.