கடல் கடந்துதான் முறையிட வேண்டுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்கட்கு,

ஐயா,

இணையவழி மோசடிகளைக் குறித்துப் பொதுமக்கள் விழிப்பாயிருக்க வேண்டுமென்றும், முன்பின் அறியாதவர்க்கு இரகசிய இலக்கங்களைச் சொல்லலாகாதென்றும், சந்தேகத்துக்குரிய இணைப்புகளை அழுத்தலாகாதென்றும் வங்கிகளும் அரசாங்கத் திணைக்களங்களும் வெளியிட்டுவரும் அறிவித்தல்களை நெடுங்காலமாக வாசித்து வருகிறேன். அவை கூறுவதில் பிழையொன்றுமில்லை. ஆயினும், அறிவித்தலொன்றைப் பிரசுரித்ததோடு தங்கள் கடமை நிறைவேறிவிட்டதென்றும், அதற்குப்பின் நிகழும் நஷ்டமெல்லாம் நஷ்டப்பட்டவரின் அஜாக்கிரதையால் விளைந்ததென்றும் அதிகாரத்திலுள்ளோர் கருதுவார்களாயின், அந்தக் கருத்தை, ஊர்காவற்றுறை இறங்குதுறையிலிருந்து படகேறியே வீடுசேரும் எழுவைதீவுவாசி ஒருவன் என்ற முறையில் வன்மையாக ஆட்சேபிக்கக் கடமைப்பட்டிருக்கிறேன்.

எங்கள் தீவில் முதியோரே பெரும்பாலும் எஞ்சியிருக்கிறார்கள். பிள்ளைகள் கனடாவிலும் பிரான்சிலும் இலண்டனிலும் இருக்கிறார்கள். காற்றாலும் வெயிலாலும் டீசலாலும் மின்சாரம் பெறுகின்ற இச்சிறு ஊரில், விடுமுறைக்கு வந்த பிள்ளை விட்டுச்சென்ற பழைய மடிக்கணினிதான் பல வீடுகளில் பேரப்பிள்ளைகளின் முகத்தைக் காட்டுவது. மரண அறிவித்தல்களைப் படிப்பதும் அதிலேதான். அந்தக் கணினி பழுதுபட்டால் பட்டினத்திலுள்ள கடையொன்றில் கொடுத்து, விலைகொடுத்து வாங்காத விண்டோஸ் ஒன்றை ஏற்றிக்கொண்டு வருவதே வழக்கம். பூட்டை உடைத்து ஏற்றப்படும் அத்தகைய பிரதிகளோடு கள்ள மென்பொருளும் கூடவே வந்துவிடுவதுண்டு என்பதையும், விண்டோஸ் 10க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 ஒக்டோபர் 14ஆந் திகதியோடு நின்றுவிட்டன என்பதையும் இந்த மக்களுக்குத் தமிழில் எடுத்துச் சொன்னவர் எவர்? கணினியைப் பழகிக்கொள்ளுங்கள், கட்டணங்களை இணையத்திலே செலுத்துங்கள் என்று அழைத்த குரல்கள் அநேகம். அரச கட்டணங்களுக்காக 2025 பெப்ரவரியில் ‘கவ்பே’ என்ற முறையும் ஆரம்பித்து வைக்கப்பட்டது. முன்னேற்றத்தை நான் எதிர்க்கவில்லை. படகுக்குக் காத்திருக்காமல் ஒரு காரியம் முடியுமானால், அதன் அனுகூலத்தை எங்களைவிட நன்றாக உணரக்கூடியவர் வேறு எவருமிலர்.

என் அயலில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவருக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். உறவினர் ஒருவரின் மரண அறிவித்தலைத் தேடி அவர் இணையத்தைத் திறந்திருந்தபோது, திரை முழுவதும் சிவப்பாக மாறி, அபாயச் சங்கு போன்ற ஓசை எழுந்து, ‘உமது கணினியில் வைரஸ் புகுந்துவிட்டது, அணைத்துவிடாதீர், உடனே இந்த இலக்கத்தோடு பேசுக’ என்று ஆங்கிலத்தில் ஓர் அறிவித்தல் தோன்றியது. எந்தப் பொத்தானை அழுத்தியும் அது அகலவில்லை. அவர் பேசினார். மறுமுனையிலிருந்தவர் மிகுந்த மரியாதையோடு, ‘எனிடெஸ்க்’ என்ற மென்பொருளை இறக்கச் செய்து, அதில் தோன்றிய இலக்கங்களைக் கேட்டு வாங்கி, தூரத்திலிருந்தே கணினியைத் தம் வசமாக்கிக்கொண்டார். பழுதுபார்த்த கூலியாக ஒரு சிறு தொகையைச் செலுத்துமாறு வங்கிக் கணக்கைத் திறக்கச் சொன்னார். கைத்தொலைபேசிக்கு வந்த ஓ.டி.பி. இலக்கத்தையும் கேட்டார். பல வருட ஓய்வூதியச் சேமிப்பு, ஒரு நேரச் சோறு வடிப்பதற்குள் போயிற்று.

உண்மையில், அந்தச் சிவப்புத் திரையில் வைரஸ் எதுவும் இருக்கவில்லை. அது வெறும் இணையப் பக்கமொன்று. திரையை முழுதாக மறைக்கவும் ஓசையெழுப்பவும் எழுதப்பட்டது. எஸ்கேப் பொத்தானைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்திருந்தால் திரை சுருங்கியிருக்கும். அதுவும் இயலாதெனின், மின்பொத்தானை அழுத்திப் பிடித்துக் கணினியை அணைத்திருந்தாலே அபாயம் நீங்கியிருக்கும். எந்த மென்பொருட் கம்பனியும் தன் எச்சரிக்கைத் திரையில் தொலைபேசி இலக்கத்தை இட்டு அழைக்கச் சொல்வதில்லை. இந்த மூன்று வாக்கியங்களைத் தமிழில் அச்சிட்டு, இறங்குதுறையிலும் சனசமூக நிலையத்திலும் தபாற்கந்தோரிலும் ஒட்டுவதற்கு எவ்வளவு செலவாகும்?

பணம் போனபின் நடந்ததே என்னை அதிகமாக வருத்தியது. அவருடைய வங்கியின் தொலைபேசியில் நெடுநேரம் இசை கேட்டபின், ‘இலக்கத்தை நீங்களே கொடுத்தீர்கள், நாங்கள் செய்யக்கூடியது ஒன்றுமில்லை’ என்ற பதில் கிடைத்தது. மறுநாள் கடல் கடந்து சென்று முறையிட்ட இடத்தில், இது கொழும்புக்கு எழுதவேண்டிய விஷயமென்றார்கள். கையில் கொடுத்த படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழும் அரச கரும மொழியாகுமென்று சாசனத்தில் எழுதிவைத்த நாடு இது. களவு கொடுத்த பெண்ணொருத்தி தான் களவு கொடுத்த விதத்தைத் தன் மொழியிலே எழுதித் தருவதற்கு இடமில்லையென்றால், அந்த ஏற்பாடு ஏட்டிலே இருந்து யாருக்குப் பிரயோசனம்?

பணத்தைத் தடுத்து நிறுத்த முடியாதென்ற வாதத்தை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 2016 பெப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியின் பணத்தைக் களவாடியவர்கள் இரண்டு கோடி டொலரை இலங்கையிலுள்ள ஒரு கணக்குக்கு அனுப்பினார்கள். பெறுநரின் பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருந்ததைக் கவனித்து இடையிலிருந்த வங்கியொன்று விளக்கம் கேட்டமையால் அந்தத் தொகை தப்பியது. பிலிப்பைன்ஸுக்குப் போன எட்டுக் கோடி பத்து இலட்சம் டொலர், கவனிப்பாரின்றிக் கைமாறியது. ஆகவே பார்க்க வேண்டியவர் பார்த்தால் பணம் நிற்கும். இந்தியாவில் 1930 என்ற இலக்கத்துக்கு உடனே அறிவித்தால், போன பணத்தைப் போய்ச்சேர்ந்த வங்கியிலேயே முடக்கிவைக்க ஓர் ஏற்பாடு உண்டு. பிரித்தானியாவில், ஏமாற்றப்பட்டுத் தாமே அனுப்பிய பணத்தைக்கூடப் பெரும்பாலான சந்தர்ப்பங்களில் 85,000 பவுண் வரை வங்கிகள் ஈடுசெய்ய வேண்டுமென்ற விதி 2024 ஒக்டோபர் 7 முதல் நடைமுறையில் இருக்கிறது. ‘நீங்களே கொடுத்தீர்கள்’ என்ற பதில் அங்கே வாயடைப்பதற்கு உதவாது.

பொதி வந்திருக்கிறது, முகவரி பூரணமாயில்லை, சிறு கட்டணம் செலுத்துக என்று தபால் திணைக்களத்தின் பெயரால் பொய்க் குறுஞ்செய்திகள் பரவியபோது, அத்திணைக்களமே அதை மறுத்து அறிவிக்க நேர்ந்ததை வாசகர்கள் மறந்திரார். வெளிநாட்டுப் பிள்ளையின் பொதிக்காக வழிபார்த்திருக்கும் தாய்க்கு அந்தச் செய்தி பொய்யாகத் தோன்றுமா? அரசாங்கத் தளமெனின் அதன் முகவரி ‘கவ் டொட் எல்கே’ என்றே முடியுமென்பதை அவளுக்குக் கற்பிப்பது நன்று. அதைவிட நன்று, அச்செய்தி அவளுடைய தொலைபேசியை அடையாமலே செய்வது. சிங்கப்பூரில் 2023 ஜனவரி முடிவிலிருந்து, பதிவு செய்யப்படாத பெயரில் வரும் குறுஞ்செய்தியின் தலைப்பிலேயே அது மோசடியாக இருக்கலாமென்ற குறி விழுகிறது. எங்கள் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு தமிழ்க் கிராமங்களையும் மனத்திற்கொண்டு அத்தகைய காவலை ஏற்படுத்தித் தரவேண்டும்.

அஜாக்கிரதையென்று எங்களைக் குற்றஞ்சாட்டுவோர் 2023ஆம் ஆண்டை நினைவுகூர்வார்களாக. அரசாங்கத்தின் மின்னஞ்சல் முறையைக் கப்பம் கேட்கும் மென்பொருள் தாக்கியபோது, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள், அமைச்சரவை அலுவலகத்தினுடையவை உட்பட, மீட்கமுடியாமற் போயின. காலங்கடந்த 2013ஆம் ஆண்டு மென்பொருளையே பாவித்திருந்தார்கள். அக்காலப் பகுதிக்கு மாற்றுப் பிரதியும் இருக்கவில்லை. பொறியியலாளரும் பணமும் கைவசமுள்ள அரசாங்கத்துக்கே இந்த விபத்து நேருமாயின், பழைய மடிக்கணினியோடு தனித்திருக்கும் எழுபது வயதினரிடம் எவ்வளவு விழிப்பை எதிர்பார்ப்பது நியாயம்? வெளிச்சவீட்டில் விளக்கேற்றாமல் விட்டுவிட்டு, கல்லில் மோதிய தோணிக்காரனைக் கடிந்துகொள்வது முறையாகுமா?

நம் அதிகாரிகளிடம் திறமை இல்லாமலில்லை. 2024இல் நீர்கொழும்பிலும் கண்டிக்கு அண்மையிலும் வேறிடங்களிலும் இருந்துகொண்டு மோசடித் தொழில் நடத்திய வெளிநாட்டவர் நூற்றுக்கணக்கில் நம் பொலிஸாரால் கைதுசெய்யப்பட்டார்கள். அதே காலத்தில், வேலை தருவதாக ஏமாற்றிக் கொண்டுபோகப்பட்ட இலங்கை இளைஞர்கள் மியன்மாரின் மியாவாடிப் பக்கத்து முகாம்களில் அடைபட்டு, அடியுதைக்கு அஞ்சி இதே தொழிலைச் செய்யக் கட்டாயப்படுத்தப்பட்டிருந்தார்கள். எங்களை அழைத்து ஏமாற்றும் குரலுக்குரியவனும் சில வேளைகளில் இப்படிச் சிறைப்பட்ட ஒரு தாயின் மகனாக இருக்கக்கூடுமென்று எண்ணும்போது, கோபத்தை எவர்மேற் செலுத்துவதென்று மனம் தடுமாறுகிறது. எனினும் முதலாளிகள் எவரென்று விசாரிக்கும் பொறுப்பு அரசாங்கத்தினுடையதே.

2006 முதல் இயங்கிவரும் இலங்கைக் கணினி அவசரப் பதிலளிப்பு அணிக்கு 101 என்ற இலக்கம் இருக்கிறது. எங்கள் ஊரில் எத்தனை பேருக்கு அது தெரியும்? அந்த இலக்கத்தை எந்நேரத்திலும் தமிழ் பேசுவோர் எடுத்துப் பேசவும், களவு நடந்த அதே மணி நேரத்தில் சம்பந்தப்பட்ட வங்கிகளெல்லாம் அக்கணக்கை நிறுத்திவைக்கவும் சட்டபூர்வமான ஒழுங்கொன்று வேண்டும். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டத்தின்கீழ் முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதிப் பதிவுசெய்யும் உத்தியோகத்தர் ஒருவர் ஊர்காவற்றுறைப் பிரதேச செயலகத்திலாவது கிழமையில் ஒரு நாள் அமர்ந்திருக்கட்டும். பக்கத்துத் தீவான அனலைதீவின் மக்களும் அதனால் பயனடைவார்கள். கிராம அலுவலரூடாகத் தீவுக்கே வந்து, வீட்டுக் கணினிகளைச் சோதித்து, களவுப் பிரதிகளை நீக்கி, செலவில்லாத லினக்ஸ் போன்ற இயங்குதளங்களை ஏற்றித் தருவதற்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கணினி மாணவர்கள் முன்வருவார்களென்றால், படகுக்கூலியும் உணவும் நாங்கள் பார்த்துக்கொள்வோம்.

இக்கடிதத்தைப் பிரசுரித்து, மேலே குறிப்பிட்ட ஆணைக்குழுவும் இலங்கை மத்திய வங்கியும் பொலிஸ் திணைக்களமும் தரும் மறுமொழியைத் தங்கள் பத்திரிகையிலேயே தமிழில் வெளியிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள வாசகன்,
எழுவைதீவு.