உடைந்த உறுப்பை மாற்றினால் போதுமா?

ஒரு பொருள் பழுதானால் நாம் என்ன செய்கிறோம்? உடைந்த உறுப்பைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிய உறுப்பைப் பூட்டுகிறோம். பொருள் மீண்டும் ஓடத் தொடங்கியதும் 'பழுது நீங்கியது' என்று மகிழ்கிறோம். மாணவ நண்பர்களே, இது பாதி வேலைதான் என்பது என் கருத்து. 'ஏன் உடைந்தது?' என்ற கேள்விக்கு விடை காண்பதே மீதிப் பாதி. அந்த மீதிப் பாதிதான் இயற்பியல். இதை விளக்கப் பந்தயப் பாதையில் ஓடிப் பழுதாகி நிற்கும் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரைவிடச் சிறந்த ஆசிரியர் இல்லை.

கார்ப் பந்தயம் ஏதோ மேல்நாட்டு விஷயம் என்று எண்ணிவிட வேண்டாம். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்றில் 1950-களிலிருந்து பல ஆண்டுகள் பந்தயங்கள் நடந்தன. அவற்றை நடத்திய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், 1990-இல் திருப்பெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் தனக்கென ஒரு பாதையை அமைத்தது. அதன் ஒரு முழுச் சுற்று ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர். கோவையைச் சேர்ந்த எஸ். கரிவரதன் மாருதி எஞ்சினைக் கொண்டு ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைத் தாமே வடிவமைத்தார். 1995-இல் சிறு விமான விபத்தில் அவர் மறைந்தார். கோவை செட்டிப்பாளையத்திலுள்ள பந்தயப் பாதை இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

பந்தயம் இல்லாத சில நாட்களில், கார் வைத்திருப்போர் கட்டணம் செலுத்தித் தம் சொந்தக் காரையே பந்தயப் பாதையில் ஓட்டிப் பார்க்கலாம். இதை 'டிராக் டே' என்பார்கள். பரிசு கிடையாது, காரின் இயல்பை அறிவதே நோக்கம். பழைய கார்களைக் கொண்டுவருவோரும் உண்டு. பிரிட்டனில் 1962 முதல் 1980 வரை தயாரான டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் போன்ற சிறு ஸ்போர்ட்ஸ் காரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அடிப்படை, டிரையம்ஃப் ஹெரால்டு என்னும் குடும்பக் கார். அதே ஹெரால்டு நம் சென்னையிலும் 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்ற பெயரில் தயாரிக்கப்பட்டது. உங்கள் தாத்தாவைக் கேட்டால் நினைவுகூர்வார்.

இத்தகைய பழைய கார் சாலையில் ஆண்டுக்கணக்கில் ஒழுங்காக ஓடும். பந்தயப் பாதையிலோ பத்துச் சுற்றுக்குள் நின்றுவிடக்கூடும். ஏன்?

பிரேக் செய்யும் வேலை

இயங்கும் பொருளின் இயக்க ஆற்றல் அதன் வேகத்தின் வர்க்கத்திற்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்று படித்திருக்கிறீர்கள். 800 கிலோகிராம் நிறையுள்ள கார் மணிக்கு 36 கி.மீ., அதாவது நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது என்று கொள்வோம். அதை நிறுத்தப் பிரேக் உறிஞ்ச வேண்டிய ஆற்றல் 40 கிலோஜூல். அதே கார் பந்தயப் பாதையில் மணிக்கு 108 கி.மீ. வேகத்திலிருந்து 54-க்குக் குறைகிறது, நிற்கக்கூட இல்லை. ஆனால் உறிஞ்ச வேண்டிய ஆற்றல் 270 கிலோஜூல்! பிரேக்கிலுள்ள இரும்பின் நிறை 20 கிலோகிராம் எனக் கொண்டால், ஒவ்வொரு முறையும் அது சுமார் 29 டிகிரி செல்சியஸ் சூடேறும். ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். மீண்டும் பிரேக், மீண்டும் சூடு.

இந்தச் சூடு பிரேக் திரவத்திற்கும் பரவுகிறது. டாட்-3 என்ற வகைத் திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஆனால் அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. ஈரம் ஏறிய திரவம் 140 டிகிரி அளவிலேயே கொதித்துவிடலாம். கொதித்தால் ஆவிக் குமிழிகள் தோன்றும். திரவத்தை எளிதில் அழுத்திச் சுருக்க முடியாது. ஆவியைச் சுருக்க முடியும். ஆகவே ஓட்டுநர் மிதிக்கும் விசை சக்கரத்தைச் சேராமல் குமிழிகளைச் சுருக்குவதிலேயே வீணாகிறது. பிரேக் கட்டை தரையைத் தொடும், கார் நிற்காது.

இங்கேதான் பழுதுபார்ப்பவரின் அறிவுக்குச் சோதனை. அவசரக்காரர் மாஸ்டர் சிலிண்டர் கெட்டுவிட்டதென்று அதை மாற்றுவார். மாற்றும்போது பழைய திரவத்தை வடித்துவிட்டுப் புதியதை ஊற்றியாக வேண்டும். பிரேக்கும் சரியாகிவிடும். வேலை செய்தது புதிய திரவம். பெயர் வாங்கியது புதிய சிலிண்டர்! அடுத்த ஆண்டு திரவத்தில் ஈரம் ஏறியதும் அதே தொல்லை திரும்பி வரும்.

சிந்திப்பவரோ முதலில் ஒன்றைக் கவனிப்பார்: கார் ஆறியதும் பிரேக் தானாகவே சரியாகிவிடுகிறது. தேய்ந்துபோன உறுப்பு தானாகச் சரியாகுமா? ஆகவே சூட்டோடு வந்து சூட்டோடு போகும் காரணத்தைத் தேட வேண்டும் என்று முடிவு செய்வார். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றிப் பார்ப்பார். ஆய்வுக்கூடத்தில் நாம் சொல்லித்தரும் விதியும் இதுதானே?

சாய்ந்த எண்ணெய், தளர்ந்த மூடி

இன்னொரு பழுதைக் காண்போம். எஞ்சினில் கிராங்க் தண்டைத் தாங்கும் பேரிங் தேய்ந்து கார் நின்றுவிட்டது. புதிய பேரிங் போட்டாயிற்று. அதுவும் விரைவில் தேய்ந்தது. குற்றவாளி யார்? கார் 50 மீட்டர் ஆரமுள்ள வளைவில் நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் திரும்பினால் அதன் மையநோக்கு முடுக்கம் 8 மீ/நொடி². அப்போது எஞ்சினின் அடித்தொட்டியிலுள்ள எண்ணெயின் மேற்பரப்பு ஏறத்தாழ 39 டிகிரி சாய்ந்துவிடும். எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்க, பம்ப் எண்ணெய்க்குப் பதில் காற்றை உறிஞ்சும். பேரிங்கைக் காக்கும் மெல்லிய எண்ணெய்ப் படலம் அறுந்து உலோகம் உலோகத்தோடு உரசும். எண்ணெய் அழுத்தமானியின் முள் வளைவில் இறங்கி, நேர்ப்பாதையில் ஏறுவதே இதற்குச் சாட்சி. தொட்டிக்குள் சில தடுப்புத் தகடுகளைப் பற்றவைத்தால் எண்ணெய் ஓடி ஒதுங்குவது பெரிதும் குறையும். எத்தனை பேரிங் மாற்றினாலும் கிடைக்காத தீர்வைச் சில தகடுகள் தந்துவிடும்.

ரேடியேட்டர் மூடியும் அப்படித்தான். நம் வீட்டு பிரஷர் குக்கரைப் போல அது உள்ளே அழுத்தத்தைத் தேக்கி வைக்கிறது. வளிமண்டல அழுத்தத்தைவிட அரைமடங்கு கூடுதல் அழுத்தம் இருந்தால் நீர் சுமார் 112 டிகிரி வரை கொதிக்காது. மூடியின் சுருள்வில் தளர்ந்துவிட்டால் 100 டிகிரியிலேயே கொதிக்கும். சிறு மூடியைச் சோதிக்காமல் பெரிய ரேடியேட்டரையே மாற்றுவது பணத்தை வீணாக்குவதாகும். (சூடான ரேடியேட்டரின் மூடியை ஒருபோதும் திறக்காதீர்கள், கொதிநீர் பீறிட்டு முகத்தைச் சுட்டுவிடும்.)

நெய்வேலி தரும் சான்று

இந்தப் பாடத்தைக் கற்க நெய்வேலி மாணவர்கள் பந்தயப் பாதைக்குப் போக வேண்டியதில்லை. 1957-இல் தொடங்கிய நம் சுரங்கத்தைப் பாருங்கள். பழுப்பு நிலக்கரியின் மேல் கிடக்கும் கடலூர் மணற்பாறை கடினமானது. உரசித் தேய்க்கும் தன்மையுடையது. ஜெர்மனியிலிருந்து வந்த வாளிச் சக்கர அகழ்வு இயந்திரங்களின் பற்கள் அதில் வேகமாகத் தேய்ந்தன. தேயத் தேயப் பற்களை மாற்றிக்கொண்டே இருந்தால் பணமும் நேரமும் கரைந்துகொண்டே இருக்கும். பொறியாளர்கள் காரணத்தைப் பார்த்தார்கள். பாறையில் துளையிட்டு, வெடி வைத்துத் தளர்த்திய பிறகு இயந்திரத்தைச் செலுத்தும் முறையைக் கையாண்டார்கள். பற்களின் அமைப்பையும் மேம்படுத்தினார்கள். பழுது பல்லில் தெரிந்தது. காரணம் பாறையில் இருந்தது.

மறுப்புக்கு விடை

'பழைய ஸ்போர்ட்ஸ் கார் பணக்காரரின் பொழுதுபோக்கு, அதனால் நமக்கென்ன?' என்று சிலர் கேட்கலாம். கார் பணக்காரருடையதாக இருக்கலாம். அதன் பிரேக்கில் பிறக்கும் வெப்பம் உங்கள் சைக்கிள் பிரேக்கிலும் பிறக்கிறது. 'இக்காலக் கார்களில் கணினியே பழுதைச் சொல்லிவிடுமே' என்பார் வேறு சிலர். எந்த அளவீடு தவறுகிறது என்பதைக் கணினி சொல்லும். ஏன் தவறுகிறது என்று தேடுவது இன்றும் பெரும்பாலும் மனிதன் வேலைதான்.

என்னை வருத்துவது வேறொன்று. நம் பள்ளி, கல்லூரிச் செய்முறைத் தேர்வில் தனி ஊசலைக் கொண்டு புவியீர்ப்பு முடுக்கத்தைக் காணச் சொல்கிறோம். விடை 9.8 என்று எல்லாருக்கும் முன்பே தெரியும். அந்த விடைக்கேற்பக் கணக்கை வளைக்கும் பழக்கமும் அதனால் வருகிறது. பழுதான பொருளுக்கு விடைப் புத்தகம் கிடையாது. அதன்முன் பொய்க் கணக்கு செல்லாது. காரணம் தவறானால் பழுது திரும்பி வந்து நம் முகத்தில் அறையும். ஆகவே ஒவ்வொரு பள்ளியிலும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் மாணவர் குழுவுக்கு ஒரு பழுதான பொருளைக் கொடுக்க வேண்டும். சைக்கிள், மேசை விசிறி, தண்ணீர் பம்ப், எதுவாயினும் சரி. மின்சாரப் பொருளாயின் இணைப்பைத் துண்டித்து, ஆசிரியர் உடனிருக்க வேண்டும். பொருள் ஓடினால் பாதி மதிப்பெண். ஏன் நின்றது என்பதைச் சான்றுடன் எழுதினால் மீதி மதிப்பெண்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. நம் நகரியத்தின் வட்டங்களுக்கிடையே நேராகவும் அகலமாகவும் கிடக்கும் சாலைகள் பந்தயப் பாதைகள் அல்ல. வேகம் இருமடங்கானால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகும். பந்தயப் பாதையில் தலைக்கவசமும் மீட்புக் குழுவும் உண்டு. சாலையிலோ எதிரே வருபவர் நம் தம்பியாகவோ தங்கையாகவோ இருக்கலாம்.

உங்கள் வீட்டு சைக்கிளிலிருந்தே தொடங்குங்கள். ஒரு குறிப்பேட்டில் மூன்று பத்திகள் வரையுங்கள்: என்ன பழுது, எப்போது தோன்றியது, என்ன காரணம். மூன்றாம் பத்தியை நிரப்பாமல் ஸ்பானரைக் கையில் எடுக்காதீர்கள்.