வாக்குமூலம் யாருடையது?

ஒரு கிராமத்தான் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், "அய்யா, பக்கத்து வீட்டுக்காரன் வாய்க்கு வந்தபடி ஏசி, என்னை அடிச்சுப்புட்டானுங்க" என்று சொல்லுகிறான். ரைட்டர் எழுதி முடித்த பிறகு பார்த்தால், "மேற்படி நபர் என்னை ஆபாச வார்த்தைகளால் திட்டி, கையால் தாக்கி, கொலை மிரட்டல் விடுத்தார்" என்று இருக்கின்றது. அவன் தன் ஆயுளில் எவனையாவது "மேற்படி நபர்" என்று அழைத்திருப்பானா? ஆனாலும் அடியில், படித்துக் காட்டப்பட்டது, சரியென்று ஒப்புக்கொண்டேன் என்று கண்டு, அவன் கைநாட்டும் விழுந்துவிடுகின்றது.

இதில் என்ன குடி முழுகிப் போயிற்று என்று சிலர் கேட்கலாம். அடிதடிக் கேசில் முழுகாமல் இருக்கலாம். ஆனால் கொலைக் கேசில் என்னவாகும் என்பதற்கு இங்கிலாந்தில் நடந்த சங்கதியைச் சொல்லுகின்றோம்.

டெரெக் பெண்ட்லி என்பவனுக்கு வயது 19. எழுதப் படிக்கத் தெரியாது. காக்காய் வலிப்பு உண்டு. புத்தி வளர்ச்சியும் வயதுக்கு ஏற்றதாயில்லை. 1952 நவம்பர் 2-ந் தேதி இரவு, லண்டனை அடுத்த கிராய்டனில், கிரெய்க் என்கிற 16 வயதுப் பையனோடு ஒரு கிடங்கில் திருடுவதற்காக ஏறினான். போலீசார் வந்து பெண்ட்லியைப் பிடித்துக்கொண்டார்கள். பிடித்துச் சுமார் கால் மணி நேரம் ஆனபின், கிரெய்க் சுட்டதில் மைல்ஸ் என்கிற கான்ஸ்டேபிள் இறந்தார். சுட்டவனுக்கு 18 வயது நிரம்பாததால் தூக்கு இல்லை. சுடாதவனை, அதுவும் பிடிபட்டு நின்றவனை, ஜூரர்கள் கருணை காட்டும்படி சிபாரிசு செய்தும், 1953 ஜனவரி 28-ந் தேதி தூக்கில் போட்டார்கள்!

அவனுக்கு விரோதமாக இருந்த சாட்சியம் என்ன? பெரும்பாலும் வார்த்தைகளே. "அவனுக்குக் கொடு, கிறிஸ்" என்று அவன் கத்தியதாகப் போலீசார் சொன்னார்கள். பையன்கள் இருவரும் அதை மறுத்தார்கள். கத்தியதாகவே வைத்துக்கொள்ளுவோம். துப்பாக்கியைக் கொடுத்துவிடு என்பதா, அல்லது சுடு என்பதா? நம் ஊர்ச் சண்டையில் "கொடுடா அவனுக்கு" என்றால் எத்தனை அர்த்தம் வரும் என்பது தெரியாதவர் உண்டா?

மற்றொன்று அவனது வாக்குமூலம். யாதொரு கேள்வியும் கேட்கவில்லை, அவன் சொல்லச் சொல்ல எழுதினோம் என்று போலீசார் பிரமாணத்தின் பேரில் சொன்னார்கள். பல வருஷம் கழித்து, பர்மிங்ஹாம் யூனிவர்சிட்டியைச் சேர்ந்த மால்கம் கூல்தார்ட் என்கிற மொழி ஆராய்ச்சியாளர் அந்தக் காகிதத்தை எடுத்து வார்த்தைகளை எண்ணினார். மொத்தம் 582 வார்த்தைகள். அதில் "அப்புறம்" என்று பொருள்படும் "தென்" என்ற சொல் மட்டும் 10 தடவை. சாதாரண ஜனங்களின் சாட்சி வாக்குமூலங்களைப் பார்த்தார். 930 வார்த்தைகளில் ஒரே ஒரு தடவை! போலீசாரின் வாக்குமூலங்களைப் பார்த்தார். 2,270 வார்த்தைகளில் 29 தடவை! அன்றியும், வெள்ளைக்காரன் பேசும்போது "அப்புறம் நான்" என்றுதான் பெரும்பாலும் சொல்லுவான். "நான் அப்புறம்" என்று மாற்றிப் போடுவது போலீஸ் டைரியின் பழக்கம். பெண்ட்லியின் காகிதத்தில் அந்தப் போலீஸ் நடையே இருந்தது. மேலும் அதில் "எனக்குத் தெரியாது", "நான் செய்யவில்லை" என்ற மாதிரி மறுப்புகள் மலிந்து கிடந்தன. கேட்காத கேள்விக்கு எவனாவது "இல்லை" என்று பதில் சொல்லுவானா?

1998 ஜூலை 30-ந் தேதி அப்பீல் கோர்ட் தண்டனையை ரத்து செய்தது. அதற்கு முக்கிய காரணம், முதல் விசாரணையில் ஜட்ஜ் கோடார்ட் ஜூரர்களுக்கு எடுத்துச் சொன்னது நியாயமாக இல்லை என்பதுதான். வார்த்தைகளை எண்ணியே கேஸ் ஜெயித்ததாக யாரும் கதை கட்டவேண்டியதில்லை. எண்ணியது கோர்ட்டின் முன் வைக்கப்பட்டது என்பதே போதும்.

இவ்வேலைக்கு வழி காட்டியதும் ஒரு தூக்குக் கேஸ்தான். 1950-ல் தூக்கிலிடப்பட்ட திமொதி எவான்ஸ் என்கிறவனின் வாக்குமூலங்களை யான் ஸ்வார்ட்விக் என்ற ஸ்வீடன் நாட்டார் ஆராய்ந்து, அவற்றின் நடை ஒரே மாதிரி இல்லை என்று 1968-ல் காட்டினார். எவான்ஸுக்கு 1966-லேயே மன்னிப்பு வந்துவிட்டது. செத்தவனுக்கு மன்னிப்பாம்!

நிற்க, நிபுணர் சொன்னார் என்பதற்காகக் கன்னத்தில் போட்டுக்கொள்ள வேண்டியதுமில்லை. மார்ட்டன் என்கிற ஸ்காட்லாந்துப் பாதிரியார் (பவுலின் நிருபங்களில் சிலவே பவுல் எழுதியவை என்று சொன்னவர் இவர்தான்!) வாக்கியங்களின் நீளத்தையும் சிறு வார்த்தைகளையும் எண்ணிப் படம் போட்டு, எழுதியது யார் என்று சொல்ல ஒரு முறை கண்டார். 1990-களின் தொடக்கத்தில் இங்கிலீஷ் கோர்ட்டுகளிலும் அது ஏறிற்று. மற்றவர்கள் பரீட்சித்துப் பார்த்தார்கள், நிற்கவில்லை. கூல்தார்டின் கணக்கோ, காகிதமும் பென்சிலும் உள்ள எவரும் உட்கார்ந்து திருப்பி எண்ணிப் பார்க்கக்கூடியது. நாம் அதை மதிப்பது அதனால்தானே ஒழிய, அவர் புரொபசர் என்பதற்காக அல்ல.

நம் நாட்டில் போலீசாரிடம் சொன்ன குற்ற ஒப்புதலைக் குற்றவாளிக்கு விரோதமாக உபயோகிக்கக்கூடாது என்று 1872-ம் வருஷச் சாட்சியச் சட்டமே சொல்லிற்று. 2024 ஜூலை முதல் அமுலில் உள்ள புதுச் சட்டமும் அதையே சொல்லுகின்றது. ஆனால் அவன் சொல்லி ஒரு பொருள் அகப்பட்டால், அப்பொருளைப் பற்றிய பேச்சு மட்டும் செல்லும். அந்தப் பேச்சு யாருடைய நடையில் எழுதப்பட்டிருக்கிறது என்று எத்தனை வக்கீல்கள் பார்க்கிறார்கள்? இங்கிலாந்தில் 1984-ம் வருஷச் சட்டத்துக்குப் பிறகு விசாரணையை டேப்பில் பதிவு செய்வது வழக்கமாகிவிட்டது. இங்கே சாட்சிகளை விசாரிக்கும்போது ஒலியும் படமும் பதிவு செய்ய"லாம்" என்றுதான் சட்டத்தில் இருக்கின்றது. செய்ய"வேண்டும்" என்று இல்லை.