நினைவகமும் நிதானமும்

இக்கல்லூரியிற் கற்று வெளியேறியோருட் பலர் இன்று கணினித் துறையிற் கடமையாற்றுகின்றனர். பயிலும் மாணவருட் பலரும் அத்துறையை நாடி நிற்கின்றனர். ஆதலின், அங்கு பரவலாகக் காணப்படும் ஒரு தவறான எண்ணத்தை இவ்விதழிற் சுட்டிக்காட்டுதல் பொருத்தமெனக் கருதுகின்றோம். தரவுத்தளம் மந்தமாக விடையிறுப்பின் நினைவக அளவுகளை உயர்த்திவிடுதலே பரிகாரம் என்பதே அவ்வெண்ணம்.

நூல்நிலையத்தை எண்ணிப் பார்ப்போம். அடுக்குகளிலுள்ள நூல்கள் வன்தட்டிலுள்ள தரவுகளைப் போல்வன. மேசைமீது எடுத்து வைத்தவை நினைவகத்தில் உள்ளவற்றைப் போல்வன. மேசை அகன்றதாயின் அடுக்கை நோக்கி நடக்கும் நடை குறையும். இவ்வளவும் உண்மையே. ஆயினும், எல்லாரும் பயன்படுத்தும் பொது மேசை வேறு. ஒவ்வொருவரும் தமக்கென வேண்டும் தனி மேசை வேறு. இவ்வேறுபாட்டை மறத்தலினாலேயே கேடு விளைகின்றது.

போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்னும் தரவுத்தளத்தில் பொது மேசைக்கு 'ஷெயார்ட் பஃபர்ஸ்' என்று பெயர். அதன் இயல்பளவு பெரும்பாலும் 128 மெகாபைட். தரவுத்தளத்துக்கென்றே ஒதுக்கிய கணினியில் மொத்த நினைவகத்தின் நான்கிலொரு பங்கிலிருந்து தொடங்கலாம் என அதன் கையேடு கூறுகின்றது. தனி மேசைக்கு 'வேர்க் மெம்' என்று பெயர். இயல்பளவு 4 மெகாபைட். இது கணினி முழுவதற்கும் உரிய வரம்பன்று. ஒரு வினவலுக்கு உரிய வரம்புமன்று. வினவலினுள் நிகழும் ஒவ்வொரு வரிசைப்படுத்தலும் தனித்தனியே அவ்வளவைக் கொள்ளலாம்.

கணக்கிட்டுப் பார்ப்போம். 16 ஜிகாபைட் நினைவகமுள்ள கணினியிற் பொதுவுக்கு 4 ஜிகாபைட்டை ஒதுக்கி, வேர்க் மெம் அளவை 64 மெகாபைட்டாக உயர்த்தினோம் எனக் கொள்வோம். 100 இணைப்புகள் ஒரே வேளையில் இவ்விரண்டு வரிசைப்படுத்தல்களைச் செய்யின் 12.5 ஜிகாபைட் வேண்டும். கூட்டினால் 16.5. இயங்குதளத்துக்கு எஞ்சுவது யாது? நினைவகம் தீர்ந்தவிடத்து லினக்ஸ் இயங்குதளம் ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களுள் ஒன்றை வலிந்து நிறுத்தும். அது தரவுத்தளமாகவே இருத்தல் கூடும்.

இதில் அஞ்சத்தக்கது யாதெனின், ஒருவர் தனித்திருந்து சோதிக்கும்போது இக்குறை புலப்படாமையேயாம். பரீட்சைப் பெறுபேறு வெளிவரும் நாளிலோ, வைத்தியசாலையில் நோயாளர் நிறைந்த காலையிலோதான் அது வெளிப்படும். அப்போது அல்லலுறுவோர் அளவை மாற்றியவர் அல்லர். விடைக்குக் காத்திருக்கும் பொதுமக்களே.

நினைவகத்திற் சேமித்தாலே விரைவு வரும் என்பதும் பொருந்தாது. மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில், முன் கண்ட விடைகளைச் சேமித்து வைக்கும் ஏற்பாடு ஒன்று இருந்தது. அட்டவணை மாறுந்தோறும் அதனைச் சார்ந்த விடைகள் யாவும் பயனற்றுப் போயின; பலர் ஒருங்கே வினவியபோது அவ்வேற்பாடே தடையாயிற்று. 2018 இல் வெளிவந்த 8.0 பதிப்பில் அது நீக்கப்பட்டது.

ஆகவே, முதலில் அளத்தல் வேண்டும். 'எக்ஸ்பிளெயின் அனலைஸ்' என்னும் கட்டளை, காலம் எங்கே செலவாகின்றது என்பதையும், வரிசைப்படுத்தல் நினைவகத்திலடங்காது வன்தட்டுக்குச் சென்றதா என்பதையும் காட்டும். தக்க சுட்டியொன்று இல்லாமையே பலவிடத்தும் மந்தத்துக்குக் காரணம். அதற்கு நினைவகம் மருந்தாகாது. பெரிய அறிக்கையொன்றுக்கு மிகுந்த நினைவகம் வேண்டின், அவ்விணைப்புக்கு மட்டும் வேர்க் மெம்மை உயர்த்தலாம். ஒருமுறைக்கு ஒன்றையே மாற்றி, முன்னும் பின்னும் குறித்து வைத்தல் நன்று.

பிறர் கூறிய எண்ணை எழுதிவிடுதல் எளிது. அவ்வெண்ணுக்குக் காரணங் கூறுதல் அரிது. காரணங் கூறவல்லாரையே எம் மாணவரிடத்தும் பழைய மாணவரிடத்தும் நாம் எதிர்பார்க்கின்றோம்.