ஸ்க்ரீனை இழுத்து மூடுறதுக்கு முன்னாடி..!

"இந்த மேட்ரிக்ஸை எல்லாம் பெருக்கி என்ன சார் பண்ணப் போறோம்?" - ஃபர்ஸ்ட் செமஸ்டர்ல கடைசி பெஞ்ச்ல இருந்து இந்தக் கேள்வி கிளம்பாத காலேஜ் உண்டா? பதில், உங்க க்ளாஸ் ரூம் ஜன்னல்லயே இருக்கு பாஸ்!

வெளியே வெயில் மண்டையைப் பிளக்குது. உள்ளே ஸ்க்ரீனை முழுசா இழுத்து மூடிட்டு, அத்தனை டியூப் லைட்டும் எரியுது. காரணம் சிம்பிள். ஜன்னலோர பெஞ்ச்ல கண் கூசுது, போர்டு பளபளக்குது. காலையில யாரோ ஒருத்தர் மூடினதை சாயங்காலம் வரைக்கும் யாரும் திறக்கறதில்லை. கரன்ட் பில் எகிறுது. கட்டடம் கட்டும்போதே இது தெரிஞ்சிருந்தா..?

தெரிஞ்சுக்கலாம்! அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வுக்கூடத்தில் கிரெக் வார்ட் 1980-களில் எழுத ஆரம்பித்த சாஃப்ட்வேர்தான் 'ரேடியன்ஸ்'. 2002-ல் ஓப்பன் சோர்ஸ் ஆயிடுச்சு. பைசா செலவில்லை. நிஜத்தில் வெளிச்சம் சூரியனில் கிளம்பி நம்ம கண்ணுக்கு வருது. இது அப்படியே உல்டா. கண்ணில் கிளம்பி, சுவரில் மோதி, 'இந்த வெளிச்சம் எங்கேருந்து வந்துச்சு?'னு தேடிக்கிட்டே போகும். கண்ணுக்கே வராத கதிர்களுக்கு எதுக்கு வெட்டியா கணக்கு?

வெறும் கண்ணாடி ஜன்னல்னா இது ஈஸி. பட்டை பட்டையா வெனிஷியன் ப்ளைண்ட் மாட்டினா? வெளிச்சம் பட்டைகளுக்கு நடுவே மோதி மோதி சிதறும். அதுக்குள்ள புகுந்து, துளியூண்டு சூரியனைத் தேடறதுக்குள்ள சாஃப்ட்வேருக்கு நாக்குத் தள்ளிடும்.

இங்கேதான் நம்ம மேட்ரிக்ஸ் என்ட்ரி! ஜோ கிளெம்ஸ் 1994-ல் வெளியிட்ட முறைப்படி, ஜன்னலுக்கு வெளியே 145 திசை, உள்ளே 145 திசைனு பிரிச்சுக்கணும். ஒவ்வொரு திசையிலும் வர்ற வெளிச்சம், உள்ளே எந்தெந்தப் பக்கம் எவ்வளவு போகுது? மொத்தம் 21,025 எண்கள். அதுதான் அந்த ப்ளைண்டோட ஜாதகம்!

அப்புறம்? வானத்திலிருந்து ஜன்னல் வரை ஒரு மேட்ரிக்ஸ். நடுவில் இந்த ஜாதகம். ஜன்னலிலிருந்து உங்க டெஸ்க் வரை இன்னொண்ணு. மூணையும் பெருக்கி, அந்த நேரத்து வானத்தோட பெருக்கினா, டெஸ்க் மேல எத்தனை லக்ஸ் வெளிச்சம்னு விடை கையில! வருஷத்துக்கு 8,760 மணி நேரம் இருந்தாலும் மாறப்போறது வானம் மட்டும்தான். வேற ப்ளைண்ட் போட்டுப் பார்க்கணுமா? நடு மேட்ரிக்ஸை மட்டும் மாத்தினா போதும். இதுக்குப் பேர் 'மூன்று கட்ட முறை'.

சும்மா ஏட்டுச் சுரைக்காய் இல்லை. ரென்ஸோ பியானோ வடிவமைச்சு 2007-ல் திறந்த நியூயார்க் டைம்ஸ் கட்டடம், 52 மாடி. கண்ணாடிக்கு வெளியே வரிசையா செராமிக் கம்பிகள். கட்டறதுக்கு முன்னாடியே குயின்ஸ் பகுதியில் சுமார் 4,500 சதுர அடியில் ஒரு மாதிரி ஆபீஸ் கட்டி, பெர்க்லி ஆட்களோடு சேர்ந்து மாசக்கணக்கில் வெளிச்சத்தை அளந்தாங்க. அக்கம்பக்கத்து கட்டடங்களோட நிழல் எந்த மாடியில் எப்படி விழும்னு ரேடியன்ஸில் போட்டுப் பார்த்தாங்க. இன்னிக்கு அங்கே ஷேடுகள் தானா ஏறி இறங்குதுன்னா, அந்த உழைப்புதான் காரணம்.

ஆனா ஒரு உஷார்! சூரியனோட அகலம் வானத்தில் அரை டிகிரிதான். இந்தக் கணக்கில் வானத்தோட ஒரு துண்டே பத்து டிகிரிக்கு மேல. அதனால சூரியன் கொழகொழனு பரவிடும். ரூமோட சராசரி வெளிச்சம் ஓகே. ஜன்னலோர பெஞ்ச்ல உட்கார்ந்து பரீட்சை எழுதறவனுக்குக் கண் கூசுமாங்கறதுல கோட்டை விடும். அதனால நேரடி வெயிலைத் தனியா கணக்குப் போட்டுச் சேர்க்கற 'ஐந்து கட்ட முறை'யும் வந்தாச்சு.

ஆர்க்கிடெக்சர் ஃப்ரெண்ட்ஸ்... ஜூரி முன்னாடி தகதகனு ஒரு கலர் படத்தைக் காட்டினா கைத்தட்டல் கிடைக்கலாம். 'இது எந்த மாசம், எத்தனை மணி? ப்ளைண்ட் திறந்திருக்கா, மூடியிருக்கா?'னு உங்களையே ஒரு தடவை கேட்டுக்கங்க. படத்தில் இருக்கறது ஒரே ஒரு நிமிஷம். அந்த ரூம்ல ஒருத்தன் நாலு வருஷம் படிக்கப்போறான்!

மத்தவங்களுக்கு ஒண்ணே ஒண்ணு. மேட்ரிக்ஸ் எத்தனை பெருக்கினாலும், கயிறை இழுக்கறது நம்ம கைதான். மதியம் வெயில் அந்தப் பக்கம் போனதும் எழுந்து ஸ்க்ரீனைத் திறங்க. அப்படியே அந்த டியூப் லைட் ஸ்விட்ச்சையும்..!