மனைமாட்சி: புதிய கரியடுப்பு வாங்குமுன்

சென்ற இதழில் ரஜாய்களை வெயிலில் உலர்த்திக் காக்கும் முறையைப் பற்றி எழுதியிருந்தோம். இம்மாதம் வேறொரு குளிர்கால விஷயத்தை எடுத்துக்கொள்கிறோம். தலைநகரில் ஐப்பசி கழிந்து பனி இறங்கத் தொடங்கியதும், தரைத்தள வீடுகளில் வசிக்கும் நம் அன்பர்கள் பலருக்கு ஓர் ஆசை பிறக்கிறது. பின்கட்டில் கரியடுப்பை மூட்டி, குடும்பத்துடன் சுற்றி அமர்ந்து, சுட்டதைச் சுடச்சுட உண்ண வேண்டும் என்பதே அது. கடைகளில் விதவிதமான அடுப்புகள் விற்கின்றன. எதை வாங்குவது என்று நம்மைக் கேட்பவர்களுக்கு, நாம் பட்டறிந்தவற்றை இங்கே கூறுகிறோம்.

கரியடுப்பு நம்மவர்க்குப் புதிதன்று. காபிக்கு வெந்நீர் வைக்கவும் அப்பளம் சுடவும் குமுட்டி அடுப்பு இல்லாத வீடு ஒரு காலத்தில் நம் ஊர்ப்பக்கம் அரிது. வடக்கே வந்தபோது அதன் உடன்பிறப்பாகிய அங்கீட்டியைக் கண்டோம். பழைய இரும்பு வாளியின் உட்புறம் மண் பூசி, கீழே காற்றுக்கு வாயில் வெட்டிய எளிய சாதனம் அது. இன்று 'கிரில்' என்ற பெயரில் வருபவற்றுள் பெரும்பாலானவை இதே தத்துவத்தில் அமைந்தவைதாம். மூடியுள்ள உருண்டை அடுப்பு மட்டும் சற்று வேறானது. சிகாகோ அருகே கடல் மிதவைகள் செய்த ஓர் உலோகப் பட்டறையில் பணியாற்றிய ஜார்ஜ் ஸ்டீபன் என்பவர், 1952-ஆம் ஆண்டில் மிதவைக் கோளத்தைக் குறுக்கே வெட்டி, கீழ்ப்பாதியை அடுப்பாகவும் மேற்பாதியை மூடியாகவும் ஆக்கினார். மூடியில் காற்றுத் துளை வைத்ததே அதன் நுட்பம்.

வாங்குமுன் முதலிற் பார்க்கவேண்டியது தகட்டின் கனம். நாம் முதன்முதலில் விலை மலிவென்று வாங்கிய அடுப்பு ஒரே பருவத்தில் நெளிந்து, அடித்தட்டு துருவேறி உதிர்ந்துபோயிற்று. கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்கும் தகடு கனலைத் தாங்காது. எனாமல் பூசிய கனத்த எஃகுத் தகடு நெடுநாள் உழைக்கும். துத்தநாகம் பூசிய வாளியையோ தகட்டையோ மண் பூச்சின்றி அப்படியே கனலுக்கு உபயோகிக்கலாகாது. மிகுந்த சூட்டில் அப்பூச்சிலிருந்து எழும் புகையைச் சுவாசித்தால் குளிர்காய்ச்சல் போன்ற உபாதை உண்டாகும்.

இரண்டாவது, காற்று வழி. கரியின் சூட்டை ஆள்வது காற்றேயாகும். கீழ்த்துளை திறந்தால் கனல் சீறும், குறைத்தால் அடங்கும், மேலும் கீழும் முற்றும் மூடினால் அணையும். ஆகையால் திறந்து மூடத்தக்க துளைகள் உள்ளதையே தேர்ந்தெடுங்கள். மூடியுள்ள அடுப்பில் சமையல் முடிந்ததும் துளைகளை அடைத்துவிட்டால், எஞ்சிய கரி அடுத்த முறைக்கு உதவும். சிக்கனம் கருதும் இல்லத்தரசியர்க்கு இது சிறிய லாபமன்று.

மூன்றாவது, கம்பித்தட்டு. கரிக்கும் தட்டுக்கும் இடையே 10 முதல் 15 சென்டிமீட்டர் இடைவெளி இருத்தல் நலம். அதனினும் நெருங்கினால் மேலே கருகி உள்ளே வேகாது. வார்ப்பிரும்புத் தட்டு நம் தோசைக்கல்லைப் போன்றது. எண்ணெய் தடவிப் பழக்கினால் ஒட்டாது, ஈரத்தில் விட்டால் துருப்பிடிக்கும். அவ்வளவு கவனிக்க நேரமில்லாதோர்க்கு எவர்சில்வர் தட்டே ஏற்றது. நால்வர் ஐவர் கொண்ட குடும்பத்திற்கு 45 சென்டிமீட்டர் குறுக்களவு போதுமானது. கால்கள் ஆடாமல் நிற்கின்றனவா என்று கடையிலேயே அசைத்துப் பாருங்கள். குழந்தைகள் ஓடி விளையாடும் இடத்தில் கவிழும் அடுப்பு எமனுக்கு ஒப்பானது.

இனிக் கரியைப் பற்றி ஒரு வார்த்தை. இராமநாதபுரத்துச் சீமைக் கருவேலங்கரியை அறியாதவர் நம்மிடையே இருக்கமாட்டார். டில்லி மலைமேட்டுக் காட்டில் 'விலாயதி கீகர்' என்று வளர்ந்து நிற்பதும் அதே மரந்தான். நம்மைப் போலவே எங்கிருந்தோ வந்து ஊன்றிக்கொண்டது. அதன் கரி கெட்டியானது, நின்று எரியும். கரி வாங்கும்போது இரு துண்டுகளைத் தட்டிப் பாருங்கள். உலோகம்போல் கணீரென்று ஒலித்தால் நன்கு வெந்தது, மந்தமாக ஒலித்தால் ஈரமோ, அரைவேக்காடோ இருக்கும், அது புகையும்.

பற்றவைக்க மண்ணெண்ணெய் வேண்டாம். வாடை உணவில் ஏறும். கனலின் மேல் ஊற்றுவதோ உயிருக்கே ஆபத்து. இருபுறமும் திறந்த தகரக் குழலில் கீழே செய்தித்தாளும் மேலே கரியும் இட்டு மூட்டினால், ஏறக்குறைய 20 நிமிடத்தில் கரி வெண்சாம்பல் போர்த்து நிற்கும். அப்போதுதான் சமைக்கத் தொடங்கவேண்டும். கனலை ஒருபுறம் ஒதுக்கி வையுங்கள். அப்பளமும் மீன் துண்டும் கனல்மேல். கொத்சுக்கான கத்தரிக்காயும் சர்க்கரைவள்ளிக்கிழங்கும் முதலில் கனல்மேல் தோல் கருகி, பின்னர் மறுபுறம் நகர்ந்து நிதானமாக வேகட்டும். கொழுப்புச் சொட்டித் தீ எழுந்தால் தண்ணீர் தெளிக்காமல் பண்டத்தை அப்பால் தள்ளுங்கள்.

இவையனைத்தினும் முக்கியமான ஒன்றை எழுதவே இம்மாதம் பேனாவை எடுத்தோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்கழி இரவு, கிழங்கு சுட்டு உண்டபின் அடுப்பில் கனல் மிகுந்திருந்தது. அது வீணாவானேன் என்று எண்ணி, குளிருக்கு இதமாக இருக்குமென்று உள்ளறைக்குக் கொண்டுவந்து, கதவையும் ஜன்னலையும் சாத்தினோம். புகை துளியும் இல்லை, வாடையும் இல்லை. சற்று நேரத்தில் அன்னையார் தலை கனக்கிறது என்றார். குழந்தை சோர்ந்து மடியிற் சாய்ந்தது. தூக்கமென்றே நினைத்தோம். அவ்வமயம் பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மையார் நம் பாத்திரத்தைத் திருப்பித் தர வந்து கதவைத் தட்டினார். எழ முயன்றோம், கால்கள் நம் வசமில்லை. எப்படியோ தாழ்ப்பாளை நீக்கினோம். அவர் உள்ளே நோக்கியதும், "அங்கீட்டியை வெளியே எடுங்கள்!" என்று அலறி, குழந்தையை வாரிக்கொண்டு முற்றத்திற்கு ஓடினார். ஆஸ்பத்திரியில் பிராணவாயு கொடுத்தார்கள், அனைவரும் பிழைத்தோம். அவர் பாத்திரத்தை மறுநாள் காலையில் தரலாமென்று இருந்திருந்தால், இப்பத்தியை எழுத நாம் இருந்திரோம்.

கனலும் கரியிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தம் பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் இறுக அதனைப் பற்றிக்கொள்கிறது. ஆகவே மூச்சு விட்டுக்கொண்டே மனிதன் மூச்சின்றி மடிகிறான். வடநாட்டில் குளிர்காலந்தோறும் இவ்வகையில் உறங்கியோர் எழாமற்போன செய்திகளைப் படிக்கிறோம். சாம்பல் மூடிய கரியும் கனலே. கம்பி போட்ட பால்கனியும், கதவடைத்த வண்டிக் கொட்டகையும் அறைக்குச் சமானமே. சுவரிலிருந்து 3 மீட்டர் தள்ளி, திறந்த வெளியில் மட்டுமே அடுப்பை மூட்டுங்கள். தலைவலியோ மயக்கமோ தோன்றினால் முதலில் வெளியே வந்து, பின்னர் வைத்தியரை நாடுங்கள். சாம்பலை மூடியுள்ள இரும்புத் தொட்டியில் இரண்டு நாள் ஆறவிட்டே அப்புறப்படுத்துங்கள்.

அண்டை அயலாரையும் நினைக்கவேண்டும். காற்று மிகவும் கெட்டுப்போகும் நாட்களில் தலைநகர் வட்டாரத்து உணவுவிடுதிகளின் கரித் தந்தூரிகளுக்கே தடை வருகிறது. அந்நாட்களில் நாமும் அடுப்பை மூட்டாதிருப்பதே முறை. கத்தரிக்காய் எரிவாயு அடுப்பிலும் சுடும்.

கடையில் ஆயிரம் சொல்லுவார்கள். கனத்த தகடு, அடைக்கத்தக்க துளை, ஆடாத கால் இம்மூன்றும் இருந்தால் வாங்கலாம். வாங்கியதும் அதற்கு இடம் வகுக்கும்போதே, நிலைப்படியைத் தாண்டி அது உள்ளே வராது என்று வீட்டில் அனைவரிடமும், முக்கியமாகக் குளிர் தாங்காத முதியோரிடமும், சொல்லி வையுங்கள். முதல் நாள் சுட்டதில் ஒரு பங்கு பக்கத்து வீட்டுக்கும் போகட்டும். பாத்திரம் திரும்பி வரும்.

அடுத்த இதழில்: குளிர்காலத்தில் தயிர் உறையவைக்கும் வழிகள்.