வார ஆஃபுக்கு எந்த மலை?

சனிக்கிழமை விடிகாலை ஒரகடம் கூட்டுரோட்டில் கம்பெனி பஸ்கள் நைட் ஷிஃப்ட்காரர்களை இறக்கிவிடுகின்றன. கண் சிவந்து டிபன் பையோடு இறங்கும் இளைஞர்களில் சிலர் ரூமுக்குப் போய்க் குளித்ததும் பைக்கை எடுக்கிறார்கள். பின்சீட்டில் டென்ட். 2013 முதல் ராயல் என்ஃபீல்டு வண்டிகள் உருவாகும் ஊர் இது. மலையேறும் ஆசை இங்கே ஓடுவதில் வியப்பில்லை.

எந்த மலைக்கு என்பதை ரீல்ஸ் முடிவு செய்வதுதான் கோளாறு. மேகத்துக்கு மேலே டென்ட் தெரிந்தால் அது பெரும்பாலும் கொழுக்குமலை. இங்கிருந்து 500 கிலோமீட்டருக்கு மேல். சூரியநெல்லியிலிருந்து இருட்டோடு ஜீப் பிடித்துக் குலுங்கிக் குலுங்கி ஏற வேண்டும். ஒரே நாள் வார ஆஃபில் அங்கே போய் வந்தவர் திங்கள்கிழமை மெஷின் முன்னால் சொக்குவார். பிரஸ் ஷாப்பில் சொக்கினால் விரல் போகும்.

ஏலகிரி அப்படியில்லை. பெங்களூரு நெடுஞ்சாலையில் சுமார் 200 கிலோமீட்டர், பிறகு 14 கொண்டை ஊசி வளைவுகள். மதியம் தூங்கி எழுந்து கிளம்பினாலும் இரவுச் சாப்பாட்டுக்குச் சேர்ந்துவிடலாம். வானம் பார்க்க ஆசைப்படுகிறவர் பக்கத்திலேயே ஜவ்வாது மலைக்குத் திரும்பலாம். காவலூரில் 1986-இல் இரண்டே கால் மீட்டருக்கும் அகலமான கண்ணாடி கொண்ட தொலைநோக்கியை நிறுவியவர்கள் அந்த மலையின் இருட்டை நம்பித்தான் நிறுவினார்கள். ஆனால் பௌர்ணமியன்று போனால் நிலாவைத்தான் பார்க்கலாம்.

குழந்தையோடு போகிற குடும்பத்துக்கு நட்சத்திரத்தைவிடக் கழிவறை முக்கியம். ராத்திரி 2 மணிக்கு டார்ச் அடித்துக்கொண்டு எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்று போனிலேயே கேட்டுவிடுவது நல்லது. ‘நாலு பேர் டென்ட்’ என்றால் பைகளை வெளியே வைத்தால்தான் நாலு பேர் படுக்க முடியும் என்பதும் போனபிறகுதான் பலருக்குத் தெரிகிறது.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஓடைக்கரையிலும் ஏரி உட்புறத்திலும் டென்ட் அடிப்பது மடத்தனம். மேலே பெய்த மழை கீழே தூங்குகிறவரிடம் சொல்லிக்கொண்டு வராது. கோடையில் பயம் வேறு. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மழையும் தீயும் மட்டுமல்ல, 2021 ஜனவரியில் வயநாட்டின் மேப்பாடியில், டென்ட்டில் தங்கப்போன பெண்ணை யானை கொன்றது. காட்டோரம் என்பது விளம்பரத்தில் அழகு. யானைக்கு அது நடைபாதை.

முன்பணம் அனுப்பும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்: இடம் பட்டாவா, வனத்துறை நிலமா? சுற்றுலாத் துறையில் பதிவு உண்டா? ராத்திரி காய்ச்சல் வந்தால் எந்த ஆஸ்பத்திரி, வண்டி யாருடையது? ‘வாங்க சார், பார்த்துக்கலாம்’ என்று பதில் வந்தால் அந்த வாரம் ரூமிலேயே தூங்குங்கள்.